பேட்டரியில் 112 வோல்ட், திரையில் 109.7: மின்னழுத்தக் கண்காணிப்புச் சில்லுகள் பிசகுவது ஏன்?

பாகாலா (திருப்பதி மாவட்டம்): காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் செல்லும் தமிழகப் பயணிகளுக்குப் பாகாலா பழக்கமான பெயர். சித்தூரைத் தாண்டியதும் வரும் இந்தச் சந்திப்பில்தான், தர்மாவரத்திலிருந்து கதிரி, மதனபள்ளி ரோடு வழியாக வரும் பாதையும் வந்து சேர்கிறது. திருப்பதி – பாகாலா – காட்பாடி இடையிலான 104 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையை 1,332 கோடி ரூபாய் செலவில் இரட்டைப் பாதையாக மாற்ற, பொருளாதார விவகாரங்களுக்கான மத்திய அமைச்சரவைக் குழு 2025 ஏப்ரல் 9 அன்று ஒப்புதல் அளித்தது.

பாதை இரட்டிப்பு என்றதும் தண்டவாளமும் பாலமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் சிக்னல் அமைப்பும் அதற்கான மின்வழங்கியும் மாற வேண்டும். வெளி மின்சாரம் நின்றால் சிக்னல்களைத் தாங்கிப் பிடிப்பது ஓர் அறையில் வரிசையாக அடுக்கப்பட்ட பேட்டரிகள். அந்தப் பேட்டரிகளில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை நிலைய அதிகாரிக்குச் சொல்வது, இறுதியில், நகக்கண் அளவுள்ள ஒரு சில்லு அளக்கும் மின்னழுத்தம். அந்தச் சில்லின் தரவேட்டில் 'பிழை 0.1 சதவீதத்துக்குள்' என்று அச்சிட்டிருந்தாலும், பொருத்திய பிறகு அது 2 சதவீதம் தவறாகக் காட்டக்கூடும். அதற்குச் சில்லு பழுதாகியிருக்க வேண்டியதில்லை.

55 கலங்கள், மூன்று எச்சரிக்கைகள்

இந்திய ரயில்வே நிலையங்களில் சிக்னல்களுக்கு மின்சாரம் தரும் 'ஒருங்கிணைந்த மின்வழங்கி'க்கான வரையறைகளை லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி, வடிவமைப்பு மற்றும் தர அமைப்பு (ஆர்டிஎஸ்ஓ) வகுக்கிறது. இதில் 2 வோல்ட் ஈய-அமிலக் கலங்கள் 55 தொடராக இணைக்கப்பட்டு 110 வோல்ட் பேட்டரி அடுக்கு அமைகிறது. மின்தடை ஏற்பட்டு, பேட்டரியின் சேமிப்பில் 50 சதவீதம் தீர்ந்ததும் 'ஜெனரேட்டரை இயக்கவும்' என்ற எச்சரிக்கை ஒலிக்கும். 60 சதவீதம் தீர்ந்தால் அதே எச்சரிக்கை அவசர நிலையில் வரும். 70 சதவீதத்தை எட்டினால், சிக்னல் விளக்குகளுக்குச் செல்லும் மின்சாரம் துண்டிக்கப்படும்.

விளக்கு அணைந்த சிக்னலை ஓட்டுநர் சிவப்பு சிக்னலாகவே கருதி நிற்க வேண்டும் என்பது விதி. எனவே உடனடி விபத்து அபாயம் இல்லை. ஆனால் எழுத்துவழி அனுமதி பெற்று ஒவ்வொரு ரயிலாக நகர்த்த வேண்டிய நிலை வரும். எதிரெதிர் ரயில்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் ஒற்றைப் பாதையில், ஒரு நிலையத்தில் ஏற்படும் தாமதம் அடுத்தடுத்த நிலையங்களுக்கும் பரவும்.

பேட்டரியில் எவ்வளவு தீர்ந்தது என்பதை நேரடியாகப் பார்க்க வழியில்லை. மின்னழுத்தத்தைக் கொண்டே பெரும்பாலும் ஊகிக்கிறார்கள். ஓய்வில் இருக்கும் ஈய-அமிலக் கலம் முழுமையாக நிரம்பியிருந்தால் சுமார் 2.12 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தால் சுமார் 2.03 வோல்ட். 55 கலங்களுக்குக் கணக்கிட்டால், நிரம்பிய அடுக்கு சுமார் 116.5 வோல்ட், பாதி தீர்ந்த அடுக்கு சுமார் 112 வோல்ட். சுமை ஏறும்போது இந்த எண்கள் இறங்கும் என்றாலும் இடைவெளியின் அளவு இதுதான். நிறைவுக்கும் பாதிக்கும் நடுவே வெறும் 4.5 வோல்ட். அதற்குள் எத்தனை வோல்ட்டை அளவீட்டுப் பிழைக்கு விட்டுக்கொடுக்க முடியும் என்பதே கேள்வி.

அளப்பவரும் சிறிது எடுத்துக்கொள்கிறார்

சிறு குவளையில் உள்ள சூடான பாலில் குளிர்ந்த வெப்பமானியை வைத்தால், வெப்பமானி சூடேறும் அளவுக்குப் பால் ஆறுகிறது. அது காட்டுவது பாலின் முந்தைய வெப்பத்தை அல்ல, தான் தொட்ட பிறகு மிஞ்சிய வெப்பத்தை. பெரிய அண்டாவில் வைத்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. மின்னழுத்தம் அளக்கும் எந்தக் கருவியும் அப்படித்தான். தான் அளக்கும் சுற்றிலிருந்து சிறு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுக்கும் என்பதைச் சொல்வதே 'உள்ளீட்டு மின்மறுப்பு'. அது உயர்வாக இருந்தால் எடுப்பது குறைவு.

பழைய முள் மல்டிமீட்டரில் வேலை பழகிய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு இது புதிதல்ல. ஒரு வோல்ட்டுக்கு 20 ஆயிரம் ஓம் என்று முகப்பில் எழுதியிருக்கும் அந்த மீட்டர், உயர் மின்தடை கொண்ட இடங்களில் குறைத்தே காட்டும் என்பதை அனுபவத்தில் அறிந்து, மனத்துக்குள் திருத்திக்கொள்வார்கள். 10 மெகா ஓம் உள்ளீடு கொண்ட டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு அந்தப் பழக்கம் மறைந்தது. சில்லுகளின் காலத்தில் சிக்கல் வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது.

மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டையும் அளக்க மின்னணுத் துறையில் பரவலாகப் பயன்படும் ஒரு சில்லு, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஐஎன்ஏ226. இது 36 வோல்ட் வரை அளக்கும், 1.25 மில்லிவோல்ட் படிகளில் எண்ணும். அதன் பெருக்கப் பிழை அதிகபட்சம் 0.1 சதவீதம். மின்னழுத்த உள்ளீட்டின் மின்மறுப்பு 830 கிலோ ஓம். இந்த 830 தரவேட்டில் 'வழக்கமான மதிப்பு' என்ற நிரலில் மட்டுமே இருக்கிறது; குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற நிரல்கள் அதற்கு நிரப்பப்படவில்லை. பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் கடந்து போய்விடும் இடம் அதுதான்.

விகிதம் சரி, மதிப்பு மட்டும் ஊகம்

சிலிக்கானில் மின்தடையைப் பதிக்கும்போது, அதன் தனி மதிப்பைத் துல்லியமாக வரவழைப்பது கடினம். படலத்தின் தடிமன், அதில் கலக்கும் மாசணுக்களின் அளவு ஆகியவை தொகுதிக்குத் தொகுதி சற்றே மாறும். குறித்த மதிப்பிலிருந்து 20 சதவீதம் வரை கூடுவதோ குறைவதோ இத்தொழிலில் வழக்கம். ஆனால் ஒரே சில்லில் அருகருகே பதித்த இரு மின்தடைகள் ஒன்றாகவே கூடும், ஒன்றாகவே குறையும். ஒரே ஈட்டில் வார்த்த இட்லிகளைப் போல. இன்றைய மாவில் எல்லாம் பெரிதாக வரலாம், நாளை எல்லாம் சிறிதாக வரலாம், ஆனால் ஒரே தட்டில் உள்ளவை ஒத்திருக்கும்.

சில்லின் துல்லியம் இந்த ஒற்றுமையை நம்பியே நிற்கிறது. உள்ளே வரும் மின்னழுத்தத்தைச் சில்லு தன்னுள் உள்ள இரு மின்தடைகளால் பிரித்து அளக்கிறது. பிரிப்பதற்குத் தேவை அவற்றின் விகிதம் மட்டுமே, விகிதமோ பிசகுவதில்லை. ஆகவே சில்லை நேரடியாக ஒரு பேட்டரியின் முனையில் இணைத்தால் 0.1 சதவீதம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படும். உள்ளீட்டு மின்மறுப்பு 700 கிலோ ஓமாக இருந்தாலும் 950 ஆக இருந்தாலும் கவலையில்லை.

பேட்டரிக்கும் சில்லுக்கும் நடுவே வெளியிலிருந்து ஒரு மின்தடையம் நுழைந்த கணத்தில் கதை மாறுகிறது. வெளி மின்தடையம் உள் மின்தடையோடு சேர்ந்து ஒரு புதிய விகிதத்தை உண்டாக்குகிறது. வெளியே உள்ளது தன் மதிப்பில் நிற்கும். உள்ளே உள்ளது 20 சதவீதம் ஆடும். இரண்டும் ஒரே ஈட்டில் வார்த்தவை அல்ல.

110 வோல்ட் அடுக்கை 36 வோல்ட் சில்லால் நேரடியாக அளக்க முடியாது. வெளி மின்தடையங்கள் இங்கே தவிர்க்க இயலாதவை.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, மேலே 300 கிலோ ஓம், கீழே 100 கிலோ ஓம் என இரு மின்தடையங்களை வைத்து அடுக்கின் மின்னழுத்தத்தை நான்கில் ஒன்றாகப் பிரிப்பதாகக் கொள்வோம். 112 வோல்ட் இருந்தால் சில்லுக்கு 28 வோல்ட் வர வேண்டும். ஆனால் கீழ் மின்தடையத்துக்கு இணையாகச் சில்லின் 830 கிலோ ஓமும் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 100 கிலோ ஓமை ஏறத்தாழ 89 ஆக்கிவிடுகின்றன. சில்லுக்கு வருவது 25.7 வோல்ட். மென்பொருள் அதை நான்கால் பெருக்கி 102.7 வோல்ட் என்று அறிவிக்கும். ஒன்பது வோல்ட்டுக்கு மேல் குறைவு, அதாவது 8.3 சதவீதம்.

இவ்வளவு பெரிய பிழை சோதனை மேசையிலேயே தெரிந்துவிடும். வடிவமைப்பாளர் 830 கிலோ ஓமைக் கணக்கில் சேர்த்து, நான்குக்குப் பதிலாகச் சுமார் 4.36 ஆல் பெருக்கும்படி மென்பொருளைத் திருத்துவார். மேசையில் உள்ள மாதிரிக் கருவி சரியாகக் காட்டும். வேலை முடிந்தது என்ற நிம்மதி அங்கேதான் பிறக்கிறது. தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

நூறு கருவிகள் செய்யும்போது நூறு சில்லுகளும் 830 ஆக இருக்கப்போவதில்லை. ஒன்றில் உள்ளீட்டு மின்மறுப்பு 20 சதவீதம் குறைந்து 664 கிலோ ஓமாக இருந்தால், திருத்திய மென்பொருள் 112 வோல்ட்டை 109.7 என்று காட்டும். 20 சதவீதம் கூடி 996 ஆக இருந்தால் 113.6 என்று காட்டும். ஒரே பேட்டரி, ஒரே வடிவமைப்பு, இரு நிலையங்களில் ஏறத்தாழ நான்கு வோல்ட் வேறுபாடு. நிறைவுக்கும் பாதிக்கும் இடையே உள்ள மொத்த இடைவெளியே 4.5 வோல்ட் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

குறைத்துக் காட்டும் கருவி, பேட்டரியில் போதிய சேமிப்பு இருக்கும்போதே ஜெனரேட்டரை இயக்கச் சொல்லும். சில முறை வீணாக ஓடிச் சென்று பார்த்த பணியாளர்கள் பிறகு அந்த ஒலியைப் பொருட்படுத்த மாட்டார்கள். கூட்டிக் காட்டும் கருவி, பாதிக்கும் கீழே போன பிறகே வாய் திறக்கும். இடைவெளி குறைந்திருப்பதால் 50 சதவீத எச்சரிக்கைக்கும் விளக்கு அணைவதற்கும் நடுவே ஆள் செயல்படக் கிடைக்கும் நேரமும் சுருங்கும்.

இவ்வகைப் பிழையைத் தோராயமாக அறிய எளிய வழி உண்டு. சில்லை இணைத்ததால் எவ்வளவு சதவீதம் குறைகிறது என்று முதலில் காண வேண்டும்; மேற்கண்ட எடுத்துக்காட்டில் 8.3. அதில் 20 சதவீதம் எடுத்தால் 1.7. திருத்திய பின்னும் மிஞ்சும் பிழை இதைச் சுற்றியே இருக்கும்.

விலை உயர்ந்த மின்தடையம் உதவாது

இத்தகைய வேறுபாடு தென்பட்டால், பலர் முதலில் செய்வது 1 சதவீத மின்தடையங்களை எடுத்துவிட்டு 0.1 சதவீத மின்தடையங்களைப் பொருத்துவது. செலவு கூடும், இந்தப் பிழை அப்படியே நிற்கும். ஆடுவது வெளியே உள்ளவை அல்ல.

மின்தடையங்களின் மதிப்பையே குறைப்பதுதான் நேர்வழி. 300, 100 என்பதற்குப் பதிலாக 30, 10 கிலோ ஓம் வைத்தால், சில்லை இணைப்பதால் ஏற்படும் குறைவு 0.9 சதவீதமாக இறங்கும். அதைத் திருத்திய பின் மிஞ்சுவது கால் சதவீதத்துக்கும் குறைவு. 112 வோல்ட்டை மிக மோசமான சில்லும் 111.75 என்றே காட்டும். மேலும் குறைத்து 3, 1 கிலோ ஓம் என வைத்தால் பிழை கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஆனால் அப்போது பிரிப்பான் வழியே 28 மில்லி ஆம்பியர் ஓயாமல் பாய்ந்து 3 வாட்டுக்கு மேல் வெப்பமாகும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மூடிய பெட்டிக்குள் அது விரும்பத்தக்கதல்ல. நடுவழியில் பாய்வது 2.8 மில்லி ஆம்பியர். வெப்பம் ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்கு.

பிறகு ஏன் பலர் நூற்றுக்கணக்கான கிலோ ஓம்களை நாடுகிறார்கள்? கையடக்கக் கருவிகளிலும் வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் வாகனங்களிலும் ஒவ்வொரு மைக்ரோ ஆம்பியரும் கணக்கு. அங்கே பிறந்த பழக்கம் வரைபடத்தோடு சேர்ந்து மற்ற இடங்களுக்கும் நகலாகிறது. நூற்றுக்கணக்கான ஆம்பியர்-மணி சேமிக்கும், எப்போதும் மின்னேற்றியோடு இணைந்திருக்கும் நிலையப் பேட்டரிக்கு 2.8 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. மின்னல், மின் அதிர்வு ஆகியவற்றின்போது சில்லுக்குள் பாயும் மின்னோட்டத்தை உயர் மின்தடையம் கட்டுப்படுத்தும் என்ற காரணம் மட்டும் நியாயமானது. அதற்குத் தனிப் பாதுகாப்பு உறுப்புகளும் உள்ளன.

மின்மயமான பாதைகளில் இன்னொரு வழியாகவும் இப்பிழை நுழைகிறது. தலைக்கு மேல் செல்லும் 25 ஆயிரம் வோல்ட் மாறுதிசை மின்கம்பி, அருகில் உள்ள கம்பிகளில் இரைச்சலைத் தூண்டும். அதை வடிகட்ட, சில்லின் வாயிலில் ஒரு மின்தடையமும் மின்தேக்கியும் வைப்பது வழக்கம். 10 கிலோ ஓம் வடிகட்டி ஒன்றே 830 கிலோ ஓம் சில்லில் 1.2 சதவீதக் குறைவை உண்டாக்கும். இரைச்சலை நீக்க வைத்தது என்பதால், அளவீட்டுப் பிழையைத் தேடும்போது அதன் மேல் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

உயர் மின்தடையம் வேண்டியே இருந்தால், பிரிப்பானுக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு தாங்கிப் பெருக்கியை வைக்கலாம். அது எடுப்பது நானோ ஆம்பியர் அளவே. அளக்கும் நொடியில் மட்டும் பிரிப்பானை இணைத்துப் பிறகு துண்டிக்கும் மின்னணுச் சாவியும் உண்டு. அல்லது ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே தெரிந்த இரு மின்னழுத்தங்களைக் கொடுத்து, அதற்கே உரிய திருத்த எண்ணை அதன் நினைவகத்தில் எழுதிவிடலாம். இந்தக் கடைசி வழி மலிவானது. ஆனால் பழுதான சில்லை மாற்றும்போது திருத்த எண்ணையும் மாற்ற வேண்டும். பழைய எண்ணோடு புதிய சில்லு ஓடினால், பழுது நீக்கப்பட்ட கருவி முன்பைவிட மோசமாகப் பொய் சொல்லக்கூடும்.

வீட்டு வாசலில் நிற்கும் பேட்டரி

காட்பாடியை அடுத்த வேலூரில் 2022 மார்ச் மாதம், வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில் எழுந்த புகையில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் இத்தகைய தீவிபத்துகள் நிகழ்ந்ததை அடுத்து, மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து, 'ஏஐஎஸ்-156' பாதுகாப்புத் தரநிலையைக் கடுமையாக்கியது. திருத்தங்கள் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. கலங்களின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் பேட்டரி மேலாண்மை அமைப்பு அவற்றில் முக்கிய இடம் பெற்றது. அந்த விபத்துகளுக்கு அளவீட்டுப் பிழையே காரணம் என்று கூற இடமில்லை. கலத்தின் தரம், பொதியின் கட்டமைப்பு எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. ஆனால் கண்காணிக்கும் அமைப்பையே நம்பி ஒரு பாதுகாப்பு விதி எழுதப்படும்போது, அது சரியாக அளக்கிறதா என்ற கேள்வியும் விதியின் பகுதியாகிவிடுகிறது.

லித்தியம் பேட்டரியில் விளிம்பு இன்னும் மெல்லியது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலத்தின் மின்னழுத்தம், பாதிக்கு முன்னும் பின்னுமாக நீண்ட தூரம் 3.2 முதல் 3.3 வோல்ட்டுக்குள் ஏறத்தாழச் சமதளமாகவே கிடக்கிறது. அங்கே சில பத்து மில்லிவோல்ட்டுகளில் சேமிப்பின் பெரும்பகுதி அடங்கிவிடும். கலத்துக்கும் கண்காணிப்புச் சில்லுக்கும் நடுவே 1 கிலோ ஓம் வடிகட்டி இருந்து, சில்லு 1 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால் பிழை 1 மில்லிவோல்ட், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஈரமோ தூசியோ படிந்து கசிவு பத்து மடங்கானால் 10 மில்லிவோல்ட். 'இன்னும் 40 சதவீதம்' என்று காட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் நடுவழியில் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு; இதுவும் அவற்றில் ஒன்று.

பாகாலாவுக்கு அருகில் உள்ள திருப்பதி, இந்தியாவின் பேட்டரித் தொழிலில் முக்கிய ஊர். கரகம்பாடியில் அமர ராஜா நிறுவனம் பல பத்தாண்டுகளாக ஈய-அமிலப் பேட்டரிகளைத் தயாரிக்கிறது. திருப்பதியில் முனோத் இண்டஸ்ட்ரீஸ் 165 கோடி ரூபாய் முதலீட்டில் அமைத்த லித்தியம் அயனி கலத் தொழிற்சாலையின் முன்னோட்ட உற்பத்தி 2022 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. கலம் உள்ளூரில் பிறந்தாலும், அதை அளக்கும் சில்லு பெரும்பாலும் இறக்குமதியே.

களத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கருவியின் திரை 110 என்றும் கையில் உள்ள மல்டிமீட்டர் 112 என்றும் காட்டினால் எதை நம்புவது என்பது பராமரிப்புப் பணியாளர்களுக்கு அடிக்கடி எழும் ஐயம். பேட்டரி முனையிலேயே மீட்டரை வைத்திருந்தால், அளவு சரிபார்க்கப்பட்ட மீட்டரை நம்பலாம். பேட்டரியின் உள் மின்தடை மிகக் குறைவு. மீட்டர் எடுப்பது அண்டாவில் வெப்பமானி வைத்தது போலத்தான்.

அதே மீட்டரைப் பிரிப்பானின் நடுப்புள்ளியில் வைத்தால் அது குவளைப் பால். மேற்சொன்ன 300, 100 கிலோ ஓம் பிரிப்பானில் 10 மெகா ஓம் மீட்டரும் தன் பங்குக்கு ஏறத்தாழ 0.7 சதவீதத்தைக் குறைக்கும். அந்த நேரத்தில் கருவியின் திரையைக் கவனித்தால், அதில் உள்ள எண்ணும் அதே அளவு இறங்கும். மீட்டரின் ஊசியைத் தொட்டதும் திரை எண் நகர்ந்தால், அந்தச் சுற்றின் மின்தடையங்கள் அளவீட்டுக்கு ஏற்றதைவிட உயர்ந்தவை என்று கொள்ளலாம். நகராமல் நின்றால், பிழையை வேறு இடத்தில் தேட வேண்டும்.